சட்டையோடு எடுத்த அளவு

லாஸ் பெர்தீசெஸ் பண்ணை, அலுமினே
9 பிப்ரவரி 1986

அவுரேலியா,

வந்து சேர்ந்துவிட்டேன். சபாலாவைத் தாண்டியதும் பேருந்தின் சக்கரம் ஒன்று கழன்று எங்களுக்கு முன்னால் உருண்டு போனது. ஓட்டுநர் சிரித்த பிறகுதான் நாங்களும் சிரித்தோம். கருவிப் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பட்டறையாகக் கொடுத்திருப்பது கம்பளி மூட்டைகள் வைத்திருந்த கொட்டகை. எதைத் தொட்டாலும் ஆட்டு வாடை. பண்ணைக்காரர் லர்ரால்தே நான் நினைத்ததைவிட அதிகம் பேசுகிறவர். முதல் நாளே என்னைக் குன்றின் மேல் கூட்டிப்போய்ப் பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவைக் காட்டினார்.

"மாஸ்ட்ரோ, இங்க மான் உங்க கிட்ட வராது. அந்தப் பக்கம் நின்னு உங்களப் பாத்துப் பல்லக் காட்டும். நடுவுல காத்து. நானூறு மீட்டர் போனாலும் நேரா அடிக்கிற சாமான் வேணும் எனக்கு. இல்லேன்னா என் விருந்தாளிங்க கல்லச் சுட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போவாங்க."

மார்ச் நடுவில், கோடை முடிந்து குளிர் இறங்கும்போது, செம்மான்கள் இணை தேடி முழங்கத் தொடங்கும். அதற்குள் மூன்று துப்பாக்கிகள். மூன்றுக்கும் உடல் நம் பழைய ராணுவத்து மவுசர் துப்பாக்கிதான். அந்தப் பூட்டைத் திறந்து மூடுகிற சுகம் இன்றைய இறக்குமதிகளில் இல்லை. குழல்தான் என்னை யோசிக்க வைக்கிறது. கனமாக இருந்தால் அசையாமல் நிற்கும், ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு மலையேற வேண்டும். மெல்லியதாக இருந்தால் மூன்றாவது தோட்டாவுக்குள் சூடேறி அலையும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்திருக்கிறேன்.

உன்னிடம் இரண்டு உதவி. இந்த உயரத்துக்கும் குளிருக்கும் தோட்டா எந்தத் தூரத்தில் எவ்வளவு தாழும் என்ற கணக்கை வழக்கம்போல் போட்டு அனுப்பு. அலமாரி மேல் இருக்கும் வால்நட் பலகையையும், முனைக்கு வைக்க ஒரு கருங்காலித் துண்டையும் பேருந்தில் போட்டுவிடு. மூன்றாவது துப்பாக்கி ஒரு விருந்தாளிக்கு. தோளில் தாங்கும் மரக்கட்டை நன்றாக அமைய வேண்டும். விசையிலிருந்து தோள்முனை வரை முப்பத்து மூன்று சென்டிமீட்டர், கன்னம் படும் மேடு உயரமாக, கைப்பிடி மெல்லியதாக. பலகை போதுமா என்று அளந்து பார்த்துக்கொள்.

கொட்டகைக்குப் பக்கத்தில் அடுப்போடு ஒரு சிறிய வீடு காலியாக இருக்கிறது. பருவம் முடிந்தும் நான் இங்கேயே தங்கினால் அதை எனக்குத் தருவதாக லர்ரால்தே சொல்கிறார். அதைப் பிறகு பேசலாம்.

எவரிஸ்தோ


சாந்தா ரோசா
19 பிப்ரவரி

எவரிஸ்தோ,

கணக்கை இத்துடன் வைத்திருக்கிறேன். அதிகாலைக் குளிருக்கு ஒன்று, நண்பகலுக்கு ஒன்று. காற்றுக்கு என்னிடம் கணக்கு கிடையாது. அதை அந்த லர்ரால்தேவிடமே கேள்.

உன் விருந்தாளியைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. ஆனால் அளவுகளை எழுதியிருக்கிறாய். எனக்கு அதுவே போதும். முப்பத்து மூன்று என்றால் கை குட்டை. மேடு உயரம் என்றால் கழுத்து நீளம். கைப்பிடி மெல்லியதென்றால் விரல்கள் சிறியவை. ஒன்று பள்ளிக்கூடப் பையன், அல்லது ஒரு பெண். பையன்களின் துப்பாக்கிக்கு நீ முனையில் கருங்காலி வைத்து நான் பார்த்ததில்லை.

பலகை அனுப்ப மாட்டேன். அதை நீ மெந்தோசாவிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் "என்னங்க, சவப்பெட்டியா?" என்று கேட்டதாகச் சொல்லிச் சிரித்தாய். "இது உனக்கு. காயட்டும்" என்றாய். அது காய்ந்து பல வருடமாகிறது. நான் ஒவ்வொரு கோடையிலும் அதைத் திருப்பி வைத்துத் தூசி தட்டியிருக்கிறேன். அடுத்தவள் தோளுக்காக அல்ல.

ஒரு கேள்வி. அளவு எடுத்தபோது அவள் என்ன உடுத்தியிருந்தாள்?

நேற்று சுடும் கழகத்தில் பொனிஃபாசியோ எல்லோருக்கும் கேட்கும்படி விசாரித்தான்: "என்ன டீச்சர், உங்க ஆளு மலை மேல எந்த மானத் துரத்துறான்? கொம்பு வச்சதா, வைக்காததா?" நான் என் தோட்டாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

அவுரேலியா


லாஸ் பெர்தீசெஸ்
2 மார்ச்

அவுரேலியா,

பெண்தான். நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. மறைப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? பெயர் ஒலிந்தா. லர்ரால்தேவின் தம்பி மனைவி. தம்பி இறந்து நான்கு வருடமாகிறது. அவள் கால்நடை மருத்துவர். பண்ணையில் பாதி அவளுடையது. அதாவது விருந்தாளி அல்ல, எனக்கு வேலை கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி.

அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று கேட்டிருக்கிறாய். இருபது வருடத்தில் இப்படியொரு கேள்வியை உன்னிடமிருந்து நான் எதிர்பார்க்கவில்லை. இயற்பியல் சொல்லித் தருகிறவள் நீ. இதற்குப் பதில் எழுத எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அவள் சுடுவதை நீ பார்க்க வேண்டும். தரையில் படுத்தால் கல்லோடு கல்லாகிவிடுகிறாள். மூச்சை இழுத்துப் பாதி விட்டு நிறுத்துகிறாள். விசையை அவள் இழுப்பதே தெரிவதில்லை, அது தானாக விழுகிறது போலிருக்கிறது. லர்ரால்தேவின் பழைய துப்பாக்கியை வைத்துக்கொண்டே எதிர்ச்சரிவில் தொங்கவிட்ட இரும்புத் தட்டை அடித்துவிட்டாள். சத்தம் நம்மிடம் திரும்பி வர நேரமாகிறது. அதற்குள் அவள் என்னைப் பார்த்து, "பட்டுச்சா இல்லையா, சொல்லுங்க மாஸ்ட்ரோ!" என்கிறாள், பட்டது தெரிந்திருந்தும்.

பலகையை நீ அனுப்பாததால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இந்த ஊர் லெங்கா மரம் துப்பாக்கிக்கு ஆகாது என்றேன். அவள் வீட்டுக்குள் போய்த் தன் கணவரின் எழுத்துமேசையைக் காட்டி, "இத அறுத்துக்குங்க" என்றாள். தடித்த வால்நட் மேல்பலகை, நன்றாகக் காய்ந்தது. நான் தயங்கினேன். "அவரு இதுல உக்காந்து ஒரு வரி எழுதினதில்ல. சும்மா அறுங்க" என்றாள். ரம்பம் போட்டபோது உள்ளே வரிகள் புகை மாதிரி ஓடின.

வீட்டைப் பற்றி. குளிர்காலத்தில் இந்த வட்டாரத்துத் துப்பாக்கிகள் எல்லாம் பழுதுக்கு என்னிடம்தான் வரும் என்கிறார் லர்ரால்தே. சாந்தா ரோசாவில் நான் யாருக்காகக் காத்திருக்கிறேன்? பூட்டு துருப்பிடித்த முயல் துப்பாக்கிகளுக்காகவா? அங்கே உனக்கு உன் பள்ளிக்கூடம் இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது என்று நானும் யோசிக்கக் கூடாதா?

எவரிஸ்தோ


சாந்தா ரோசா
12 மார்ச்

எவரிஸ்தோ,

உன் கடிதத்தை வகுப்புகளுக்கு இடையில் படித்தேன். அதில் ஒரு பெண் மூச்சு விடுவதை ஐந்து வரி எழுதியிருக்கிறாய். நான் மூச்சை எங்கே நிறுத்துவேன் என்று உனக்குத் தெரியுமா? சும்மா கேட்கிறேன். தெரியாவிட்டால் எழுத வேண்டாம்.

நான் உன்னைவிட உயரம். நம் கல்யாணப் புகைப்படத்தில் நீ தேவாலயத்தின் படிமேல் நிற்கிறாய், நான் தரையில் நிற்கிறேன். அப்படி நிற்கலாம் என்று சொன்னது புகைப்படக்காரர் அல்ல, நீ. அன்றிலிருந்து கழகத்தில் நான் சுடுவது உன் கைக்கு வெட்டிய கட்டையை வைத்துத்தான். முழங்கையை மடக்கி, கழுத்தைச் சுருக்கி, அடுத்தவர் கோட்டை மாட்டிக்கொண்டு நடனமாடுகிறவள் போல. முந்நூறு மீட்டரில் நான் எப்போதும் இரண்டாவதாக வருகிறேன். நீ ஒவ்வொரு முறையும் "நல்லாத்தான் சுட்ட" என்று சொல்லி என் தோளைத் தட்டுகிறாய். அந்தத் தோளில் கட்டை சரியாக உட்காரவில்லை என்பது உனக்குத் தெரியாமலா இருந்தது? ஊரில் உள்ள தோள்களை எல்லாம் பார்த்ததும் அளவு சொல்கிறவன் நீ.

ஞாயிற்றுக்கிழமை பொனிஃபாசியோ என் பின்னால் வந்து நின்றான். "டீச்சர், இவ்ளோ நீளக் கைய இப்படி மடக்கி வச்சா பாவமில்லையா? என்கிட்ட வாங்க, உங்க கைக்கு ஒரு கட்ட செஞ்சு தர்றேன். அளவு மட்டும் எடுத்துக்கறேன்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

அந்த வீடு ஒருவருக்கா, இருவருக்கா? நீ "நான் தங்கினால்" என்று எழுதினாய், "நாம்" என்று எழுதவில்லை. சந்தேகப்படுவது என் தொழில். ஆனால் இந்த வார்த்தையை நானாகக் கண்டுபிடிக்கவில்லை, உன் கையெழுத்தில் இருக்கிறது.

என் கேள்விக்கு நீ பதில் சொல்லவில்லை. அவள் என்ன உடுத்தியிருந்தாள்? பொறாமையில் கேட்கிறேன் என்று நினைத்தாய். பொறாமையில்தான் கேட்டேன். ஆனால் அது தொழில் கேள்வியும்கூட. இன்னொரு முறை படித்துப் பார்.

அவுரேலியா


லாஸ் பெர்தீசெஸ்
22 மார்ச்

அவுரேலியா,

பொனிஃபாசியோவா? மெழுகு பூச மறந்து குழலைக் கட்டையோடு பசையில் ஒட்டிவிட்டு, பிரிக்க முடியாமல் மாமியார் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துச் சுத்தியலால் தட்டியவனா? அந்த வீட்டில் ஒரு வாரம் இறைச்சியில் எல்லாம் துப்பாக்கி எண்ணெய் வாசம் அடித்ததாம். அவனா உன் கையை அளக்கப் போகிறான்? அளக்கட்டும். பிறகு உன் கையையும் சேர்த்து ஒட்டிவிடுவான், ஜாக்கிரதை.

துப்பாக்கி முடிந்தது. என் கையால் இதற்கு முன் இப்படி ஒன்று வந்ததில்லை என்று சொன்னால் கோபிக்காதே. குழல் கட்டையை எங்கும் தொடாமல் மிதக்கிறது; இடையில் ஒரு காகிதத்தை விட்டு நுனிவரை இழுக்கலாம். மேடு அவள் கன்ன எலும்புக்கு அடியில் போய் அமர்கிறது. தொலைநோக்கியை அவள் கண்ணுக்குத் தோதாகப் பின்னுக்குத் தள்ளிப் பொருத்தியிருக்கிறேன். நேற்று முதல் தோட்டாவிலேயே தட்டு மணியடித்தது. அவள் எழுந்து வந்து என் தோளில் கையை வைத்து, "இது என் உடம்புல ஒரு உறுப்பு மாதிரி இருக்கு மாஸ்ட்ரோ" என்றாள். இதையும் உனக்கு எழுதுகிறேன். எழுதாமல் விட்டால் நீ அளவுகளிலிருந்து கண்டுபிடித்துவிடுவாய்.

மான்கள் முழங்கத் தொடங்கிவிட்டன. புனித வாரம் முழுக்க நான் விருந்தாளிகளோடு மேல் முகாமில் இருப்பேன்; கடிதம் வந்தாலும் கைக்கு வராது. பருவ முடிவில் லர்ரால்தே என் பதிலைக் கேட்பார். இங்கேயே இருந்துவிடலாம் என்ற பக்கம்தான் சாய்ந்திருக்கிறேன். "நாம்" என்று எழுதவில்லை என்றாய். நீ வருவாயா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் உன்னிடமிருந்து என்ன பதில் வரும் என்று தெரிந்துகொள்ள எனக்கு அவசரமில்லை.

எவரிஸ்தோ


சாந்தா ரோசா
4 ஏப்ரல்

எவரிஸ்தோ,

ஈஸ்டர் விடுமுறை அமைதியாகக் கழிந்தது. வீட்டிலேயே இருந்தேன்.

சமையலறை அலமாரிக் கதவில் இடித்துக்கொண்டு வலது புருவத்துக்கு மேல் மூன்று தையல். வீக்கம் இறங்கிவிட்டது. பள்ளியில் பிள்ளைகள் என்னைப் பார்த்துக் குசுகுசுக்கிறார்கள்.

அந்த வீட்டைப் பற்றி யோசித்தேன். ஜன்னல் மேற்கே பார்த்து இருப்பதால் காற்று முழுக்க உள்ளேதான் வரும். அடுப்பின் புகைக்குழாயிலும் விரிசல். நீ இருப்பதானால் முதலில் அதைச் சரி செய்.

அவுரேலியா


லாஸ் பெர்தீசெஸ்
15 ஏப்ரல்

அவுரேலியா,

இரண்டு விஷயம். முதலில் எனக்கு நேர்ந்த அவமானம். பிறகு உன்னுடையது.

சனிக்கிழமை பனி விழுந்தது. ஒலிந்தா வேட்டைக்குக் கிளம்பினாள். லர்ரால்தேவும் இரண்டு விருந்தாளிகளும் நானும் கூடப் போனோம். எதிர்ச்சரிவில் ஒரு கிழட்டுச் செம்மான், நான் இதுவரை பார்க்காத கொம்பு. முழங்கிக்கொண்டே வெட்டவெளிக்கு வந்தது. உன் கணக்குத் தாள் என் கையில் இருந்தது. தூரம் சரி, குளிர் சரி, காற்றும் நின்றிருந்தது. அவள் பாறைக்குப் பின்னால் மண்டியிட்டுத் துப்பாக்கியைத் தூக்கினாள். தோள்முனை அவள் கக்கத்தில் மாட்டிக்கொண்டது. தாழ்த்தி மறுபடி தூக்கினாள். மறுபடியும் மாட்டியது. எப்படியோ தோளில் வைத்துவிட்டாள், ஆனால் கன்னம் எட்டவில்லை. தொலைநோக்கியில் அவளுக்குத் தெரிந்தது கறுப்பு வளையம் மட்டும். கழுத்தை நீட்டினாள், நெளிந்தாள். மான் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் மரங்களுக்குள் போய்விட்டது.

அவள் உடுத்தியிருந்தது ஆட்டுத்தோல் கோட்டு. தடிமன் என் கட்டைவிரல் அளவு.

நான் அவளை அளந்தது பிப்ரவரியில், கோடை வெயிலில், மெல்லிய பருத்திச் சட்டையோடு. ஏப்ரல் குளிரில் சுடப்போகிற துப்பாக்கிக்கு! தொழிலுக்கு வந்த முதல் மாதமே இதைச் சொல்லித் தருவார்கள்: வேட்டைக்காரனை வேட்டை உடையில் அள. எத்தனை பேருக்கு நானே வீட்டிலிருந்து கோட்டைக் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன், உனக்குத் தெரியும்.

லர்ரால்தே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சட்டையில அளந்தியாய்யா? முப்பது வருஷ அனுபவமாம்! அந்த மான் போய் அதோட பொண்டாட்டிங்க கிட்ட இதத்தான் சொல்லிச் சிரிச்சுக்கிட்டிருக்கும்."

ஒலிந்தா கோபிக்கவில்லை. துப்பாக்கியை என் கையில் கொடுத்தாள். "மாஸ்ட்ரோ, நீங்க பிப்ரவரி மாசத்துப் பொம்பளைக்குத் துப்பாக்கி செஞ்சிருக்கீங்க. இது ஏப்ரல்" என்றாள். அவ்வளவுதான்.

நீ இரண்டு முறை கேட்டாய். இரண்டு முறையும் நான் உன் பொறாமையை மட்டும் படித்தேன்.

இப்போது இரண்டாவது. கட்டையைக் குறைத்து வெட்டுவதற்காகத் துப்பாக்கியைப் பிரித்தேன். தொலைநோக்கியின் கண்பக்க விளிம்பில், பள்ளத்துக்குள், உலர்ந்த ரத்தம். மெல்லிய கோடு; யாரோ நன்றாகத்தான் துடைத்திருக்கிறார்கள். ஒலிந்தாவின் புருவத்தில் ஒரு கீறல் இல்லை. அவளுக்கு அளந்து செய்தது அவளை அடிக்காது. விருந்தாளிகள் யாரும் அதைத் தொட்டதில்லை. முப்பத்து மூன்று சென்டிமீட்டர்க் கட்டையைத் தோளில் வைத்து அந்த விளிம்பை நெற்றியில் வாங்க வேண்டுமென்றால் ஆள் உயரமாக இருக்க வேண்டும், கை நீளமாக இருக்க வேண்டும், தொலைநோக்கி இல்லாத கழகத் துப்பாக்கியில் பழகி, முகத்தை முன்னால் கொண்டுபோகிற வழக்கமும் இருக்க வேண்டும். அலமாரிக் கதவுகள் அப்படி அடிப்பதில்லை, அவுரேலியா. பிறை மாதிரி இருக்கிறதா காயம்? ஜன்னல் மேற்கே பார்க்கிறது என்று நான் உனக்கு எழுதவே இல்லை.

ஒலிந்தாவிடம் கேட்டேன். "நான் மாட்டு டாக்டர். குதிரைக்கும் தையல் போடுவேன். மத்ததெல்லாம் எனக்குத் தெரியாது" என்றாள்.

நீ இங்கே வந்து, இந்தக் கொட்டகையில் நின்று, என்னைப் பார்க்காமல் திரும்பிப் போயிருக்கிறாய். மேல் முகாமுக்குக் குதிரையில் அரை நாள்தான். யாராவது வந்து சொல்லியிருந்தால் இறங்கி வந்திருப்பேன்.

கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். நானும் அவளும் ஒரே கூரையின் கீழ் படுத்ததில்லை. ஆனால் அவளை இரண்டு முறை அளந்தேன். இரண்டாவது முறை தேவையில்லாதது. முதல் அளவே சரியாக இருந்தது. அதனால்தான் கோட்டு ஞாபகத்துக்கு வரவில்லை என்று நினைக்கிறேன். அளவு எடுக்கும்போது நான் அளவைப் பார்க்கவில்லை.

லர்ரால்தேவின் அழைப்பு அப்படியே இருக்கிறது. கட்டையை வெட்டிச் சரி செய்துவிட்டேன். ஒலிந்தாவும் என்னைத் தங்கச் சொல்கிறாள். மே முதல் தேதி பதில் சொல்ல வேண்டும். என்ன சொல்லட்டும்?

எவரிஸ்தோ


சாந்தா ரோசா
24 ஏப்ரல்

எவரிஸ்தோ,

பிறை மாதிரிதான் இருக்கிறது.

பெரிய வியாழனன்று அலுமினேயில் இறங்கி, பால் வண்டியில் பண்ணைக்கு வந்தேன். நீ மலையில் இருப்பாய் என்று தெரிந்துதான் வந்தேன். எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது உன்னை அல்ல.

அவள் தொழுவத்தில், முழங்கை வரை ஒரு பசுவுக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்த்தாள். "டீச்சர்தானே நீங்க? கொஞ்சம் இருங்க, கன்னு திரும்பி இருக்கு" என்றாள். அவளை வெறுப்பதற்கு என்னென்னவோ தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். பசுவின் வாலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பிடித்துக்கொண்டேன்.

பிறகு மாத்தே இலைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். இருவரும் ஒரே உறிஞ்சுகுழலில் மாற்றி மாற்றிக் குடித்தோம். அந்தத் துப்பாக்கியைப் பார்க்க வேண்டும் என்றேன். எடுத்துக் கொடுத்தாள். எவரிஸ்தோ, அது அழகாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்குப் பேருந்தில் திரும்பிய வழி முழுவதும் தேவைப்பட்டது. கைப்பிடியின் வளைவை விரலால் தொட்டுப் பார்த்தேன்; நீ எங்கே அரத்தை நிறுத்தியிருக்கிறாய், எங்கே மறுபடி போயிருக்கிறாய் என்று தெரிந்தது. எத்தனையோ வருடம் பட்டறை வாசலில் நின்று பார்த்தவள் நான்.

"சுட்டுப் பாருங்க" என்றாள். பிறகு என் கையைப் பார்த்துவிட்டு, "வேண்டாம், இது உங்களுக்குச் சின்னது, முகத்துல வாங்கிக்குவீங்க" என்றாள். அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் சுட்டிருக்க மாட்டேன். ஒரு துப்பாக்கி எவ்வளவு வேகத்தில் பின்னுக்கு உதைக்கும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறவள் நான். படுத்தேன், முகத்தைக் கொண்டுபோய் விளிம்பில் வைத்தேன், விசையை இழுத்தேன்.

தட்டு மணியடித்தது. அதையும் எழுதி வைக்கிறேன். ரத்தம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தபோது கேட்டது.

அவள் சிரிக்கவில்லை. என்னைச் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்துத் தைத்தாள். "குதிரையா இருந்தா மூக்கப் பிடிச்சுக் கட்டியிருப்பேன். உங்கள என்ன பண்றது?" என்றாள். நான்தான் உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சொல்லவில்லை. அதற்காகவும் அவள் மேல் எனக்குக் கோபம். அவள் சொல்லியிருந்தால் அவளைக் கெட்டவள் என்று வைத்துக்கொண்டிருப்பேன்.

தைத்துக்கொண்டே பேசினாள். நீ வேலை செய்யும்போது என் கையைப் பற்றிச் சொல்வாயாமே. "'என் பொண்டாட்டிக்கு முப்பத்தேழு வேணும், இந்த நாட்டுல அந்த நீளத்துக்கு எவனும் கட்ட வெட்டுறதில்ல'ன்னு பெருமையாச் சொன்னாரு" என்றாள். ஊசி புருவத்தில் இருந்ததால் நான் அசையாமல் கேட்டேன். முப்பத்தேழு. நீ என்னை அளந்ததே இல்லை. அளக்காமல் சொல்லும் எண்ணை நான் வகுப்பில்கூட ஏற்பதில்லை.

பிறகு அவளே ஒரு நாடாவை எடுத்துவந்து, "நான் அளந்து எழுதித் தரட்டுமா? அவரு கிட்டக் குடுத்துடுங்க" என்றாள். வேண்டாம் என்றேன். அவள் வற்புறுத்தவில்லை. நாடாவைச் சுற்றிக்கொண்டே சிரித்தாள். "உங்க ஆளு ரொம்ப கவனமான ஆளு டீச்சர். என்னைய மூணு தடவை அளந்தாரு."

நீ இரண்டு என்று எழுதியிருக்கிறாய்.

லர்ரால்தேவுக்கு என்ன பதில் என்று என்னிடம் கேட்காதே. அதை நான் சொல்லித் தந்து நீ எழுதினால், குளிர்காலம் முழுக்க அந்தப் பேச்சு நம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும். அங்கே தங்குவதானால் புகைக்குழாயைச் சரி செய். வருவதானால் கடிதம் வேண்டாம், பேருந்திலிருந்து இறங்கினால் போதும்.

பலகையை அலமாரியிலிருந்து இறக்கிச் சமையலறை மேசைமேல் வைத்திருக்கிறேன். மேசை முழுவதையும் அதுவே அடைத்துக்கொண்டதால் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். பொனிஃபாசியோ ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கேட்டான். மே முதல் வாரம் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

என் சாம்பல் நிறக் கோட்டு கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. அளவு எடுக்கும்போது அதைப் போட்டுக்கொள்வேன்; எனக்கு மறக்காது. அவளை மூன்று முறை அளந்திருக்கிறாய். என்னிடம் ஒரு முறையோடு முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு வராதே.

அவுரேலியா